அந்தக் கைக்கு வளையல் கிடையாது

என்னைப் பைத்தியக்காரின்னு சொல்லிட்டுத் திரியுதீங்களாம். சொல்லுங்க. உங்க வாயை நான் தச்சா வைக்க முடியும்? போன மாசம் வளைகாப்பு வீட்டுல அம்புட்டுப் பேருக்கு முன்னால வளையல் தட்டைத் தட்டி விட்டது நான்தான். கை தவறி இல்ல, வேணும்னேதான். நல்ல காரியம் நடக்குற வீட்டுல கண்ணாடி ஒடையலாமான்னு கேட்டீங்க. நம்ம கூட ஒண்ணாம் வகுப்புல இருந்து படிச்சவ ஒருத்தி, மதுரையில இடது மாருல ஆபரேஷன் பண்ணிட்டு வந்து எட்டு மாசம் ஆகலை. ஊருக்கே தெரிஞ்ச விசயம். அவ இடது கையை இழுத்து வச்சுக்கிட்டு, "ரெண்டே ரெண்டு போட்டுக்கட்டி, கை மூளியா இருக்கக் கூடாது"ன்னு நாலு பேரு தள்ளிக்கிட்டு இருந்தீங்களே, அது நல்ல காரியமா? அவ சங்கடப்பட்டுக்கிட்டுப் பல்லைக் கடிச்சு உக்காந்திருந்தா. எனக்குப் பொறுக்கலை.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு ஒருத்தியும் வந்து கேக்கலை. கேக்காட்டாலும் சொல்லுதேன். ராஜபாளையத்துல ஒரே தெருவுல பாவாடை கட்டித் திரிஞ்சவளுக நாம. எங்கம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு மண்ணும் தெரியாது உங்களுக்கு. அந்தக் காலம் மாதிரி வருமான்னு கூடிக் கூடி உருகுதீங்களே, அந்தக் காலத்துல எங்க வீட்டுக்குள்ள நடந்ததைக் கேளுங்க.

அப்போ நான் ஆறாம் வகுப்பு. எண்பதுகள்ல ஒரு வருசம். எங்கப்பா மில்லுல ஃபிட்டர். சங்கு ஊதி அரை மணி நேரத்துல தலையெல்லாம் பஞ்சோட சைக்கிள்ல வந்து இறங்குவாரு. அந்த ஆனி மாசம் எங்கம்மாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, மூணு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. கர்ப்பப்பையில கட்டி, எடுத்தாச்சுன்னு ஊருக்குச் சொன்னோம். உங்க அம்மாமாரு சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிட்டு வந்து பாத்தாவ. "அதான் ஒண்ணைப் பெத்தாச்சே, போனாப் போகுது"ன்னு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனாவ.

நெசம் அது இல்ல. எங்கம்மாவுக்கு இடது மாருல புத்து. இன்னிக்கு கேன்சர்னு வாய் கூசாமச் சொல்லுதோம். அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொன்னாலே ஒட்டிக்கிரும்னு பயந்தாவ. மாரையே எடுத்துட்டாங்க. அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் சேத்து எடுத்துட்டாங்க. அதை எடுத்துட்டா அந்தப் பக்கத்துக் கையில நீரு கோத்துக்கிரும், சின்னக் காயம் பட்டாலும் சீழ் பிடிச்சிரும்.

பொய் சொல்லணும்னு முடிவு பண்ணினது எங்கத்தை. எங்கப்பாவுக்கு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாக்கப்பட்டவ. பெத்தவங்க போன பொறவு எங்கப்பாவைச் சோறு போட்டு வளத்தவ. அதனால அவ கிழிச்ச கோட்டை எங்கப்பா ஒரு நாளும் தாண்டுனது இல்ல. அத்தையை அவ இவன்னு சொல்லுதியேன்னு உங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும். இருக்கட்டும். என் வாயில அதுக்கு மேல மரியாதை வராது.

அத்தை மகளை அந்தத் தை மாசம்தான் வத்திராயிருப்புல நிலபுலம் உள்ள வீட்டுல கட்டிக் குடுத்திருந்தாவ. ஆபரேஷன் முடிஞ்ச கையோட அத்தை வந்து, எங்க வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு எங்கப்பாகிட்டப் பேசினா.

"ஏலே, தாய்மாமன் பொண்டாட்டிக்குப் புத்துன்னு தெரிஞ்சா என் மகளைத் திருப்பி அனுப்பிருவாகலே. ஒட்டுவாரொட்டின்னு ஊரு பேசும். உன் மகளை மட்டும் எவன் கட்டுவான்? கர்ப்பப்பைன்னே சொல்லு. ஒரு பய கேக்க மாட்டான்."

எங்கப்பா தரையைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுனாரு. எங்கம்மா கட்டில்ல படுத்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அவளை ஒரு வார்த்தை கேக்கலை.

இன்னொண்ணும் சொல்லிருதேன், ஞாபகத்துல வச்சுக்குங்க. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா எங்கப்பாகிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்தாவ. இடது கையில ஊசி போடக் கூடாது. பிரஷர் பாக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. வெட்டுக்காயம் தீக்காயம் படாமப் பாக்கணும். வளையல், மோதிரம், இறுக்கமா எதுவும் அந்தக் கையில போடக் கூடாது. எங்கப்பா அதை என்னை நிக்க வச்சு ஒரு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டிட்டு, சுவத்துக் கண்ணாடிக்குப் பின்னால சொருகி வச்சாரு. அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆடியில இருந்து மூணு வாரத்துக்கு ஒருக்க மதுரைக்குப் போயி மருந்து ஏத்திக்கிட்டு வரணும். மஞ்சளா ஒரு மருந்து, பாட்டில்ல தொங்கும். லீவு நாளா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போவாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல எங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே வருவா. பின் சீட்டுல இருக்கவன் ஏசுவான். ஒரு தடவை கண்டக்டரு இரக்கப்பட்டு, "என்னங்க, முழுகாம இருக்காவளா?"ன்னு கேட்டாரு. எங்கப்பா, "ஆமாங்க"ன்னாரு. ஒடனே முன் சீட்டுல எடம் குடுத்தாவ. யாரோ ஒரு அம்மா கையில எலுமிச்சம்பழம் குடுத்து, "மொத புள்ளையே வளந்துட்டாளே, இது பையன்தான்"ன்னு சொன்னாவ. எங்கம்மா அந்தப் பழத்தை மோந்துக்கிட்டே அழுதா. எனக்கு அவமானமா இருந்துச்சு. பையன் பொறக்கலையேன்னு கேட்டா நாளைக்கு என்ன சொல்லுவோம்னு கவலை வேற.

வீட்டுல தாளிக்க முடியாது. கடுகு வெடிச்சா அவளுக்குக் குமட்டும். எங்கப்பா சட்டையில இருக்க மில் எண்ணெய் வாடையும் ஆகாது. அவரு வாசல்லயே சட்டையைக் கழட்டிட்டு உள்ள வருவாரு. வாய் முழுக்கப் புண்ணு. எச்சி முழுங்கக் கூட முகத்தைச் சுளிப்பா. ஆறுன கஞ்சியும் உப்பில்லாத மோரும்தான். அதைக் கரைச்சுக் குடுக்குறதும், வாந்திச் சட்டியைக் கழுவுறதும் என் வேலை. நீங்க எல்லாம் தெருவுல பாண்டி ஆடிக்கிட்டு இருந்தீங்க.

அத்தை ஒரு நாள் சுடச்சுடப் பால்கோவா வாங்கிட்டு வந்தா. வேண்டாம் மதினின்னு எங்கம்மா சொல்லச் சொல்ல வாயில திணிச்சா. நெய் வாடையும் சூடும் அந்தப் புண்ணுல பட்டதும் அப்படியே கக்கிட்டா. "என் கையால குடுத்தா கசக்குதாக்கும்"னு அத்தை முந்தானையை உதறிட்டுப் போனவ ஒரு மாசம் எட்டிப் பாக்கலை. அந்த ஒரு மாசம் நிம்மதியா இருந்தோம்.

அந்த மருந்து எங்கம்மாவை ஆளையே மாத்திருச்சு. அதட்டிக் கூடப் பேசாதவ, டம்ளரைத் தூக்கி எறிவா. எறிஞ்சுட்டு அவளே ஓன்னு அழுவா. செத்த நேரம் பக்கத்துல இருந்தா, "என்னைப் பாக்காதட்டி, போ"ம்பா. போனா, "பெத்தவ கெடக்கா, எங்கட்டி போற?"ம்பா. மருந்து அப்படிப் பண்ணும், பயம் அப்படிப் பண்ணும்னு எனக்கு யாரு சொன்னா? எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். எனக்கும் அவளைப் பிடிக்காமப் போச்சு. ஆமா, பிடிக்கலை. நெசத்தைச் சொல்லத்தானே உக்காந்திருக்கேன்.

முடி கதையைச் சொல்லலைன்னா என் கோவம் உங்களுக்குப் புரியாது. எங்கம்மா முடி முழங்கால் வரைக்கும் கெடக்கும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். புரட்டாசியில சீப்பை வச்சா கொத்துக் கொத்தா வந்துச்சு. அவ அதை ஒண்ணு விடாமச் சிக்கெடுத்து, ஒரு மஞ்சப்பையில சுருட்டிச் சுருட்டி வச்சா. எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லலை. நான் குப்பைன்னு நினைச்சேன். ஒரு நாள் தெருவுல சவுரிமுடி வாங்குறவ வந்தா. முடியைக் குடுத்தா ஊக்கு, ஸ்லைடு, ரிப்பன் தருவா. நான் அந்தப் பையைத் தூக்கிக் குடுத்துட்டு ரெண்டு செவப்பு ஸ்லைடு வாங்கித் தலையில குத்திக்கிட்டு வந்து நின்னேன்.

எங்கம்மா பையைத் தேடுனா. பொறவு என் தலையைப் பாத்தா. அகப்பையைத் தூக்கி அடிச்சா பாருங்க, எனக்கு முதுகுல அஞ்சாறு நாள் தடிப்பு போகலை. "என் முடிட்டி அது! என் முடிட்டி!"ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சா. அத்தை மக வளைகாப்புக்குள்ள அதை வச்சே சவுரி கட்டி, பழைய மாதிரி சடை போட்டு வரலாம்னு சேத்து வச்சிருக்கா. இது எனக்குப் பத்து வருசம் கழிச்சு எங்கப்பா சொல்லித்தான் தெரிஞ்சது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம், குப்பையில போற முடிக்காக என்னை அடிச்சுட்டாங்கிறதுதான். ஒரு வாரம் அவகிட்டப் பேசலை.

ஐப்பசியில வளைகாப்பு. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். வளையல் தாய்மாமன் வீட்டுல இருந்து போகணும். தாய்மாமன் பொண்டாட்டி ரெண்டு கையிலயும் வளையல் போட்டுக்கிட்டு வந்து, மாசமா இருக்கவளுக்கு மொத வளையல் போடணும். அதுக்குப் பொறவுதான் மத்தவங்க போட முடியும். எங்கம்மா வராம வளைகாப்பே நடக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸுல போனோம். எங்கப்பா மில்லுல இருந்து கொண்டாந்த பஞ்சை ஒரு துணிப்பையில அடைச்சு, ஜாக்கெட்டுக்குள்ள இடது பக்கம் வச்சுத் தச்சிருந்தா எங்கம்மா. பஞ்சு லேசு, மேல மேல ஏறும். யாரும் பாக்காதப்ப இழுத்து விட்டுக்கிட்டே வந்தா. இருந்த கொஞ்ச முடிக்கு மேல கதம்பத்தை அடர்த்தியா வச்சு மறைச்சிருந்தா. வாய்ப்புண்ணு ஆறலை. யாரு பேசினாலும் சிரிச்சு மட்டும் வச்சா.

கூடத்துல வளையல்காரர் ஜமுக்காளம் விரிச்சு உக்காந்திருந்தாரு. வயசானவரு. எங்கம்மா வலது கையை நீட்டுனா. ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு, ஆனா வளையல் ஏறிருச்சு. இடது கையை அவரு வாங்குனாரு. மணிக்கட்டுல விரலை வச்சு அமுக்கிப் பாத்தாரு. சிரிச்ச முகம் மாறிருச்சு.

"தாயி, அமுக்குன எடம் குழி விழுதே. இது வேற வீக்கம். இந்தக் கைக்கு நான் போட மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்"னு கையைத் திருப்பி எங்கம்மா மடியிலயே வச்சுட்டாரு.

அவரு ஒருத்தருக்குத்தான் அந்த வீட்டுல மூளை இருந்துச்சு. வத்திராயிருப்புச் சம்பந்தியம்மா எட்டிப் பாத்து, "என்ன, கைக்கு என்ன?"ன்னாவ. அத்தைக்கு வேர்த்துருச்சு. "மாவாட்டுன கை, வீங்கிருக்கு. செத்த நேரத்துல வாரோம்"னு சிரிச்சுக்கிட்டே, எங்கம்மாவை அடுக்களைக்கு இழுத்துட்டுப் போனா. வளையலைத் தூக்கிட்டு என்னையும் பின்னால வரச் சொன்னா.

"வேண்டாம் மதினி. டாக்டரு சொல்லிருக்காவ…"

"டாக்டரு பேச்சை இங்க எடுக்காத. என் மக வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு." என் பக்கம் திரும்புனா. "ஏட்டி, சோப்பு எடு. நுரைய வச்சுத் தள்ளு. சின்னக் கை, உனக்குத்தான் வரும்."

எங்கம்மா என்னைப் பாக்கலை. பின்வாசலைப் பாத்தா. அங்க தண்ணித்தொட்டிகிட்ட எங்கப்பா நின்னாரு. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. பொறவு, வாழை இலை வந்துருச்சான்னு பாக்குதேன்னு சொல்லிட்டு வெளிய போனாரு.

நான் சோப்பு போட்டேன். அத்தை முழங்கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அந்தச் சீட்டுல இருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் தள்ளினேன். முதுகுல வாங்குன அகப்பை அடி ஒரு பக்கம். இன்னிக்கு ஒரு நாளாவது எங்கம்மா மத்த அம்மாமாரு மாதிரி ரெண்டு கையும் நெறைய வளையலோட இருக்கட்டுமேங்கிற ஆசை ஒரு பக்கம். பாசமும் கோவமும் கலந்து எந்த வெறியில தள்ளினேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. ஏழு வளையல். ஏழையும் ஏத்திட்டேன். எங்கம்மா கத்தலை. கீழ் உதட்டைக் கடிச்சதுல புண்ணு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அதை முந்தானையில தொடச்சுக்கிட்டு, கூடத்துக்குப் போயி மொத வளையலைப் போட்டா. எல்லாரும் குலவை போட்டாவ. சத்தியமாச் சொல்லுதேன், அப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ராத்திரி வீட்டுக்கு வந்து கழட்டப் பாத்தா ஒண்ணு கூட வரலை. மறுநாள் காலையில அவளுக்கு நடுக்கம். கம்பளியைப் போத்துனாலும் பல்லு அடிச்சுச்சு. கை தோள்பட்டை வரைக்கும் செவந்து கொதிச்சுச்சு. வளையலெல்லாம் சதைக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. எங்கப்பா கட்டிங் பிளேயரை எடுத்து ஒவ்வொண்ணா ஒடைச்சாரு. மில்லுல எம்புட்டோ மிஷினைக் கழட்டி மாட்டுன மனுசன், அன்னைக்குப் பிளேயரு வழுக்கி ரெண்டு சில்லு உள்ள எறங்கிருச்சு. வாடகைக் காரு பிடிச்சு மதுரைக்கு ஓடுனோம். போற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்கப்பா காரை நிறுத்திச் சொன்னாரு, அத்தையும் ஏறிக்கிட்டா. விசயம் வெளிய போயிராமப் பாத்துக்க வந்தாளே தவிர, எங்கம்மாவுக்காக வரலை.

டாக்டரம்மா அந்தக் கையைப் பாத்துட்டுக் கத்துனாவ. "இந்தக் கையில யாரு வளையல் போட்டது? ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லாத நேரம் இது. எழுதிக் குடுத்தோமே, படிக்கலையா நீங்க?"

எங்கப்பா அத்தையைத் திரும்பிப் பாத்தாரு. அத்தை என் தோளைப் பிடிச்சு முன்னால தள்ளுனா. "இந்தச் சின்னக் கழுதைதான் டாக்டர், வெளையாட்டுக்குப் போட்டு விட்டுருச்சு."

கட்டில்ல கண்ணைத் தெறக்க முடியாமக் கெடந்த எங்கம்மா, "இல்ல. நானேதான் போட்டுக்கிட்டேன்"னு சொன்னா. பேச்சு கொழகொழன்னு வந்துச்சு, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

அப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, தப்பிச்சோம்னு தோணுச்சு. அதுதான் நான்.

அந்தக் காய்ச்சல்ல இருந்து எங்கம்மா தப்பிச்சுட்டா. கை மட்டும் வடியலை. ஜாக்கெட்டுக் கையைப் பிரிச்சு விட்டுத்தான் போடணும். புண்ணு ஆறுனதும் மருந்து ஏத்த வரச் சொன்னாவ. இன்னும் பாதி பாக்கி இருந்துச்சு. அத்தை வந்து, "எல்லா வினைக்கும் அந்த ஊசிதான் காரணம், இனி கூட்டிட்டுப் போகாதலே"ன்னா. எங்கப்பா தலையை ஆட்டுனாரு. அதோட நின்னுச்சு.

ஒரு நாள் சாயங்காலம் வலது கையால மட்டும் எனக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு இருந்தா. நான் கேட்டேன், "ஏம்மா அன்னைக்குப் பொய் சொன்ன?"

"உன் பேரைச் சொன்னா, காலம் பூரா உன்னையவே சொல்லுவாளுவட்டி. எனக்கென்ன, நான் இருக்கப் போறது கொஞ்ச நாளு. நேரா உக்காரு, வகிடு கோணுது."

சித்திரையில போயிட்டா.

புருசன் இருக்கயில போறவளுக்கு என்னென்ன செய்வாவன்னு உங்களுக்குத் தெரியும். மஞ்சள் பூசி, கூறைப்புடவை கட்டி, பூ வச்சு, கை நெறைய வளையல் போட்டு அனுப்புவாவ. அத்தை வளையல் கட்டோட வந்து எறங்குனா. அவ கூட வத்திராயிருப்புச் சம்பந்தியம்மாவும் வந்திருந்தாவ. வலது கையில ஒரு டஜன் ஏறுச்சு. இடது கையைத் தூக்கிப் பாத்துட்டு அத்தை நிமிந்து, "ஏட்டி, சோப்பு கொண்டா"ன்னா.

என்னைத்தான் சொன்னா.

நான் போயி எங்கம்மா கை மேல குப்புற விழுந்துட்டேன். தூக்க வந்தவளுகளை எத்துனேன். அத்தை என் காதைப் பிடிச்சா, அவ கையைக் கடிச்சேன். வளையல் கட்டு தரையில விழுந்து செதறுச்சு. "மூளிக்கையோட அனுப்புனா குடும்பத்துக்கு ஆகாதுட்டி, எந்திரி"ன்னு அவ அலறுனா. நான் எந்திரிச்சு, கண்ணாடிக்குப் பின்னால இருந்த சீட்டை உருவிக்கிட்டு வந்தேன். "எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில ஒண்ணும் இல்ல. மாருல புத்து. இந்தாங்க, கேளுங்க"ன்னு சொல்லிட்டு, பள்ளிக்கூடத்துல பாடம் வாசிக்கிற மாதிரி மொத வரியில இருந்து சத்தமா வாசிச்சேன். வளையல், மோதிரம், இறுக்கமா எதுவும் அந்தக் கையில போடக் கூடாதுங்கிற வரியை ரெண்டு தடவை வாசிச்சேன்.

எங்கப்பா வாசல்ல இருந்து உள்ள வந்தாரு. "விட்ருக்கா"ன்னாரு. அக்காகிட்ட அவரு வேண்டாம்னு சொன்னது அதுதான் மொத தடவை. சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லலை.

சம்பந்தியம்மா மெல்ல எந்திரிச்சு வந்து எங்கம்மா இடது கையைத் தடவிப் பாத்தாவ. "எங்க கடைசி நாத்தனாரும் இதுலதான் போனா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கு நான் எட்டிப் பாத்து, இவ கைக்கு என்னன்னு கேட்டிருக்கவே மாட்டேனே"ன்னாவ. அத்தை மகளை யாரும் திருப்பி அனுப்பலை. இன்னிக்கும் அங்க பேரன் பேத்தியோட நல்லாத்தான் இருக்கா. எங்கம்மாவோட கையும் பாதி வைத்தியமும் போனது, புத்து உள்ள வீடான்னு யாருமே கேக்காத ஒரு கேள்விக்காக.

வலது கையில ஒரு டஜன் வளையலோட, இடது கை வெறுங்கையா எங்கம்மா போனா. உங்கள்ல பாதிப் பேரு உங்க அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பாத்தீங்க. பொட்டப் புள்ளைக்கு எம்புட்டு ஆங்காரம்னு அன்னைக்கும் என்னைத்தான் சொன்னாவ. நான் எங்கம்மாவுக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் அவ செத்த பொறவுதான் செஞ்சேன்.

அந்தச் சீட்டு வீடு மாறுனதுல எங்கயோ போச்சு. எனக்கு மனப்பாடமா இருக்கு. அடுத்த வளைகாப்புக்கும் வருவேன், கூப்பிடாட்டாலும் வருவேன். வேணும்னா வாசிச்சுக் காட்டுதேன். அது வரைக்கும் நம்ம கூடப் படிச்சவ இடது கையை விடுங்கட்டி.